‘போர்’ என்ற ஒரு சொல் போதாது

ஜேர்மனியின் மேற்கில் ஒரு சிறு நகரத்தில், தஞ்சம் கேட்டு வருபவர்களை நேர்காணலுக்குத் தயார்ப்படுத்துவது என் வேலை. 2015-க்குப் பிறகு என் மேசை முன்னால் உட்கார்ந்தவர்களில் பெரும்பாலானோர் சிரியர்கள். ஏன் நாட்டை விட்டு வந்தீர்கள் என்று கேட்டால் அநேகமாக எல்லோரும் முதலில் சொல்வது “ஹர்ப்”. அரபியில் போர். அதோடு நிறுத்திவிடுவார்கள். 1980-களில் இலங்கையிலிருந்து கிழக்கு பெர்லின் வழியாக வந்து அசூல் அடித்த (தஞ்சம் கேட்ட) என் அப்பாவும் “அங்க பிரச்சினை” என்பதற்கு மேல் எங்களிடம் எதுவும் சொன்னதில்லை.

தெற்கு சிரியாவின் தரா நகருக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார் (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்). 2011 மார்ச்சில், சுவரில் அரசுக்கு எதிராக எழுதிய பள்ளிப் பையன்களைப் பிடித்துக்கொண்டு போனதற்காக மக்கள் தெருவில் இறங்கியது அந்தத் தராவில்தான். குண்டு விழுந்தபோதும் இவர் ஊரை விட்டுப் போகவில்லை. ரொட்டிக்கு விடியுமுன் வரிசையில் நின்றபோதும் போகவில்லை. அப்புறம் 2022-ல் ஏன் கிளம்பினார்? மூத்த மகனுக்கு 18 வயதாக நான்கு மாதம் இருந்தது. அப்போது அங்கே 18 ஆனால் கட்டாய ராணுவ சேவை. போனவர்கள் எப்போது திரும்புவார்கள் என்று யாருக்கும் தெரியாது. வீட்டுக்கு ஒரே மகன் என்றால் சட்டம் விட்டுவிடும். இவருக்கு இரண்டு மகன்கள். “ஒருவனை மட்டும் பெற்றிருந்தால் இன்னும் என் வீட்டில் இருந்திருப்பேன்” என்றார். சொன்னதும், வெளியே இருந்த சின்னவனுக்குக் கேட்டுவிட்டதோ என்று கதவைத் திரும்பிப் பார்த்தார்.

இதில் ஒரு வார்த்தை கூட அவருடைய நேர்காணல் பதிவில் இல்லை. வந்த வழியைப் பற்றிப் பக்கம் பக்கமாக இருந்தது. காரணம் நான்கே வரி, எல்லாம் போர். அவர் என்னிடம் வந்ததே முடிவுக் கடிதத்தோடுதான். மேல்முறையீட்டுக்கு இருந்த இரண்டு வாரமும் கடந்துவிட்டது. பொதுவான போர் ஆபத்து என்று பதிவானால் கிடைப்பது துணைநிலைப் பாதுகாப்பு (அகதி அந்தஸ்தைவிட உரிமைகள் குறைந்தது) மட்டும். தனக்கென்று இருந்த ஆபத்தை நிறுவினால்தான் அகதி அந்தஸ்து. குடும்பத்தை அழைக்கும் முழு உரிமை அகதி அந்தஸ்துக்குத்தான், துணைநிலைப் பாதுகாப்புக்கு இல்லை. தயவுசெய்து நேர்காணலுக்கு முன்பே ஆலோசனை மையத்துக்குப் போங்கள். பதிவை உங்கள் மொழியில் வாசித்துக் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். இதை இங்கே புதிதாக வரும் நம் ஆட்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

அவருடைய கணவர் லெபனானின் பெக்கா சமவெளியில் தங்கிவிட்டார். வழிச்செலவு நால்வருக்குப் போதவில்லை.

வரவேற்பு என்றதும் நமக்கு 2015 செப்டம்பரில் மியூனிக் ரயில் நிலையத்தில் கைதட்டிய கூட்டம்தான் நினைவுக்கு வரும். பாரத்தைச் சுமந்ததோ பக்கத்து நாடுகள். துருக்கியில் ஒரு கட்டத்தில் 35 லட்சத்துக்கும் மேல். லெபனானில் ஏறக்குறைய நான்கு பேரில் ஒருவர் சிரியர். துருக்கியும் ஜோர்தானும் அவர்களை விருந்தாளிகள் என்றன. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்களே, விருந்தாளிக்குச் சோறு கிடைக்கும், உரிமை கிடைக்காது. லெபனானில் சிரியர்களுக்குப் பெரும்பாலும் விவசாயம், கட்டுமானம், துப்புரவு வேலைகளுக்கு மட்டுமே அனுமதி. 2019-ல் அர்சால் ஊரில், அகதிகள் எழுப்பிய சுவர் ஒரு மீட்டருக்கு மேல் இருந்தால் இடிக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. பலர் தம் கையாலேயே இடித்தார்கள். அந்தச் சின்ன நாட்டை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2016 மார்ச்சில், வருபவர்களைத் தடுத்து நிறுத்தத் துருக்கிக்கு 600 கோடி யூரோ வரை தருவதாக ஒப்பந்தம் போட்டது ஐரோப்பா.

2024 டிசம்பர் 8 அன்று சிரியாவில் அசாத் ஆட்சி விழுந்தது. மறுநாளே ஜேர்மனி சிரியர்களின் விண்ணப்பங்கள் மீது முடிவெடுப்பதை நிறுத்தியது. 2025 ஜூலையில், துணைநிலைப் பாதுகாப்பு பெற்றவர்கள் குடும்பத்தை அழைப்பதையும் இரண்டு ஆண்டுகளுக்கு நிறுத்தியது. “இனித் திரும்பலாமே” என்று அந்த அம்மாவிடம் பக்கத்து வீட்டார் கேட்கிறார்கள். கட்டாய ராணுவ சேவை இப்போது அங்கே இல்லைதான். ஆனால் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருவதற்கும் பயம். போனால் இங்குள்ள பாதுகாப்பு பறிபோகலாம். மூத்தவன் மின்பணிப் பயிற்சியில் சேர்ந்துவிட்டான். சின்னவனுக்கு அரபி எழுத்துகள் மறந்துகொண்டிருக்கின்றன.

கணவர் கிராமத்துக்குத் திரும்பி, இடிந்த வீட்டுக்குக் கூரை போடுகிறார். போன வாரம் அந்த அம்மா போனில் படத்தைக் காட்டிவிட்டு என்னிடம் கேட்டார்: “எத்தனை அறை கட்டச் சொல்லட்டும்?”