பச்சை பூதம் ராத்திரி பயத்த எப்படி கொறைக்குது?

மூணு நாலு வயசுல புள்ளைங்களுக்கு திடீர்னு ராத்திரி பயம் ஆரம்பிக்கும், நேத்து வரைக்கும் நல்லா தூங்குனவன் இன்னிக்கு கட்டிலுக்கு அடியில ஏதோ இருக்குன்னு அழுவான். அவன் கோழையாயிட்டான்னு அர்த்தமில்ல, மூளை வளர்ந்திருக்கு. கண்ணு முன்னாடி இல்லாதத மனசுல உருவாக்கிப் பாக்குற தெறமை அந்த வயசுல வேகமா வளருது, ஆனா பயந்துபோயிருக்கும்போது எது நெசம் எது கற்பனைன்னு பிரிச்சுப் பாக்குறதுக்கு இன்னும் பழகியிருக்காது. லைட்ட அணைச்சதும் கண்ணுக்கு கெடைக்குற தகவல் கொறைஞ்சிடுது, மிச்சத்த மூளையே நெரப்பிக்குது, கதவுல மாட்டுன சட்டைக்கு தலையும் கையும் மொளைக்குது. அப்ப போய் "அங்க ஒண்ணுமில்லடா, தூங்கு"ன்னா எடுபடுமா? அவன் கண்ணுக்குத்தான் தெரியுதே.

பூதம் வர்ற படப் புத்தகங்க அங்க ஒண்ணுமில்லன்னு வாதாடுறதில்ல, பூதத்த நேரா காட்டுது. எனக்கு இதுல ரொம்ப புடிச்சது அமெரிக்காக்காரர் எட் எம்பர்லி 1992-ல பண்ண 'கோ அவே, பிக் கிரீன் மான்ஸ்டர்'. பக்கங்கள்ல ஓட்டை வெட்டியிருப்பாங்க. மொதல்ல ரெண்டு மஞ்சக் கண்ணு மட்டும் முழிச்சுப் பாக்கும், பக்கத்த திருப்பத் திருப்ப மூக்கு, பல்லோட செவப்பு வாய், காது, ஊதா முடின்னு ஒவ்வொண்ணா சேந்து நடு புக்குல முழு பச்சை மூஞ்சியும் வந்துடும். அதுக்கப்புறம் புள்ளயே 'போ'ன்னு சொல்லி திருப்புறான், முடி போயிடுது, காது போயிடுது, கடைசியில எதுவுமே இல்ல. முடிக்கிறப்ப திரும்பி வராதேன்னு சொல்லிட்டு, நான் சொல்ற வரைக்கும்னு ஒரு வார்த்தை சேத்திருப்பார் பாருங்க, அதுதான் எனக்கு உசுரு. பூதம் வரணுமா வேணாமான்னு முடிவு பண்றது புள்ளதான்.

மனநல மருத்துவத்துல எக்ஸ்போஷர்னு சொல்றது கிட்டத்தட்ட இதேதான், பயத்த பாதுகாப்பான எடத்துல கொஞ்சம் கொஞ்சமா சந்திக்க வைக்கிறது. அமெரிக்க உளவியல் ஆய்வாளர் மேரி கவர் ஜோன்ஸ் 1924-லயே இத எழுதியிருக்காங்க. முயலப் பாத்தா அலறுற பீட்டர்ங்குற சின்னப் பையன், அவனுக்குப் புடிச்சத சாப்டுக்கிட்டிருக்கும்போது கூண்டுல இருக்குற முயல தெனமும் கொஞ்சம் கிட்ட கொண்டுவந்தாங்க, கடைசியில முயல் அவன் வெரல கொறிக்குற அளவுக்கு பழகிட்டான். படிக்கும்போது அம்மா மடியும் அந்தக் கதகதப்பும் பீட்டருக்கு சாப்பாடு பண்ண வேலையத்தான் பண்ணுது.

இதுல ஒரு விஷயம் கவனிக்கணும், பழைய பயம் மூளையில இருந்து அழிஞ்சு போறதில்ல. மூளையில ஆபத்த மோப்பம் புடிக்குற அமிக்டலாங்குற பகுதி அடிக்குற அலாரத்த, இது ஆபத்தில்லங்குற புது பாடம் அமுக்கி வைக்குது, நெத்திக்குப் பின்னாடி இருக்குற மூளைப் பகுதிக்கு இதுல பெரிய பங்கு. அந்தப் புது பாடம் கத்துக்கிட்ட எடத்தோட ஒட்டிக்கும், அதனாலதான் பகல்ல ஹால்ல உக்காந்து சிரிச்சுக்கிட்டே படிச்ச புள்ள ராத்திரி ரூம்ல மறுபடி அழுவுது. மொதல்ல பகல்ல படிங்க, அப்புறம் அதே ரூம்ல, அப்புறம் மங்கலான வெளிச்சத்துல. ஒரே புக்க திரும்பத் திரும்ப கேட்டா சலிச்சுக்காதீங்க, அந்த ரிப்பீட்டுலதான் பாடம் ஏறுது.

அமெரிக்காவுல 2015-ல வந்த ஒரு ஆய்வுல, ராத்திரி பயம் கடுமையா இருந்த 5 முதல் 7 வயசு வரைக்குமான ஒம்பது புள்ளைங்களுக்கு பெத்தவங்களே ஒரு கதை புக்க படிச்சுக்காட்டி அதுல இருக்குற இருட்டு வெளையாட்டுகளையும் வெளையாட வச்சாங்க, எட்டு பேருக்கு பயம் நல்லாவே கொறைஞ்சுது. சின்ன ஆய்வுதான், ஆனா படிக்கிறதோட வெளையாட்டும் சேந்தது சரியான யோசனைன்னு எனக்குத் தோணுது.

புக்கு எடுக்கும்போது பூதத்த யாரு சமாளிக்குறான்னு பாருங்க. அப்பா வந்து வெரட்டுற கதைய விட புள்ளயே சமாளிக்குற கதை மேல், ஏன்னா ராத்திரி முழிப்பு வர்றப்ப அவன் தனியாத்தான இருக்கான். அப்புறம் தயவு செஞ்சு சாப்பிடலன்னா பூச்சாண்டி புடிச்சுக்கிட்டு போயிடுவான்னு சொல்றத விட்ருங்க. நம்புற பெரியவங்க வாயால கேக்குறதும் பயம் உண்டாகுற ஒரு வழிதான், சாயங்காலம் நீங்களே பூச்சாண்டி இருக்கான்னு சாட்சி சொல்லிட்டா ராத்திரி படிக்குற புக்கு உங்க வார்த்தையோட மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.