கண்ணாடிக் கட்டிக்குள் ஒரு வெள்ளி ரூபாய்

மும்பை சயானில் எங்கள் கட்டிடத்துக்குக் கீழே மளிகைக் கடை வைத்திருக்கிறார் திருநெல்வேலி அண்ணாச்சி ஒருவர். அவருடைய கல்லாப்பெட்டி மேல் பல வருஷமாக ஒரு பளிங்குக் கட்டி உட்கார்ந்திருந்தது. உள்ளே, ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட 1918ஆம் வருஷத்து வெள்ளி ரூபாய். தொலைந்துவிடக் கூடாதென்று அவருடைய அப்பா, கண்ணாடி போலத் தெரியும் அக்ரிலிக் பிளாஸ்டிக்கில் பதித்து வாங்கி வைத்தது.

"ஆச்சி முந்தானையில முடிஞ்சு வச்சிருந்த துட்டு தம்பி. சுண்டினா கணீர்னு கேக்கும். இப்ப ஊமையா கெடக்கு. உடைக்காம வெளிய எடுக்க முடியுமா?" என்று ஒரு நாள் கேட்டார்.

முடியும். ஆனால் அவசரப்பட்டால் காசு பாழாகும். காரணம், அக்ரிலிக்கின் குணத்தில் இருக்கிறது.

அக்ரிலிக் என்பது பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட். மெத்தில் மெத்தாக்ரிலேட் என்ற சின்ன மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் கைகோத்து நீளமான இழைகளாகின்றன. அந்த இழைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதுதான் நம் கையில் இருக்கும் கட்டி. இடியாப்பச் சிக்கல் என்று சொல்வோமே, அதேதான். இழைகள் ஒழுங்காக அடுக்கப்படாமல் கலைந்து கிடப்பதால் ஒளியைச் சிதறடிக்க உள்ளே ஒன்றும் இல்லை. விழும் ஒளியில் சுமார் 92 சதவீதம் ஊடுருவிப் போய்விடுகிறது. ஒளி உள்ளே நுழையும்போது எவ்வளவு வளைகிறது என்பதைக் காட்டும் ஒளிவிலகல் எண் 1.49 என்பதால், 20 மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கும் காசு 13 மில்லிமீட்டர் ஆழத்தில் இருப்பதுபோல மேலெழுந்து தெரியும். அண்ணாச்சியின் ரூபாயில் தாமரைப் பூவுக்குக் கீழே இருந்த குட்டிப் புள்ளி, அதாவது பம்பாய் நாணயச் சாலையின் அடையாளம், வெறும் கண்ணுக்கே தெரிந்ததில் இதற்கும் பங்குண்டு.

"ஃப்ரீசர்ல வச்சு, எடுத்த உடனே சுத்தியலால ஒரு தட்டு தட்டினா போதும்னு சொல்றாங்களே" என்றார் அண்ணாச்சி. தயவுசெய்து வேண்டாம். குளிரில் அக்ரிலிக், வெள்ளியைவிட மூன்றரை மடங்குக்கு மேல் சுருங்கும். இந்த ரூபாயின் விட்டம் சுமார் 30 மில்லிமீட்டர். 30 டிகிரியிலிருந்து ஃப்ரீசரின் மைனஸ் 18 டிகிரிக்குப் போனால் காசு 0.03 மில்லிமீட்டர்தான் சுருங்குகிறது. அதைச் சுற்றியுள்ள அக்ரிலிக்கோ 0.1 மில்லிமீட்டர் சுருங்கப் பார்க்கிறது. காசு தளர்வதற்குப் பதிலாக இன்னும் இறுக்கிப் பிடிக்கப்படுகிறது. அந்த அழுத்தத்தில் சுத்தியல் அடி விழுந்தால் கட்டி உடையலாம், சரி. ஆனால் விரிசல் எந்தப் பக்கம் ஓடும் என்று யாரும் சொல்ல முடியாது. வெள்ளி மென்மையான உலோகம். ஓர் அடி தவறினால் அரசர் மூக்கு நசுங்கிவிடும்.

சூடும் உதவாது. அக்ரிலிக் இளகத் தொடங்குவது சுமார் 105 டிகிரியில், ஆகவே கொதிநீரால் பெரிதாக ஒன்றும் நடக்காது. 160 டிகிரி வரை சூடாக்கினால் ரப்பர் மாதிரி வளையும், மெழுகுபோல உருகி ஓடாது. அச்சில் வார்த்த அக்ரிலிக்கின் இழைகள் மிக நீளமானவை, சிக்கல் அவ்வளவு சுலபத்தில் அவிழாது. 300 டிகிரியைத் தாண்டினால் இழைகள் ஜிப் கழல்வதுபோலக் கழன்று மறுபடி பழைய சின்ன மூலக்கூறுகளாகி ஆவியாகும். எளிதில் தீப்பிடிக்கும் ஆவி அது. வீட்டில் செய்கிற வேலையே இல்லை.

மிஞ்சுவது கரைப்பது. அதற்கு அசிட்டோன் என்ற கரைப்பான் திரவம் போதும். டைகுளோரோமீத்தேன் இன்னும் வேகமாகக் கரைக்கும். ஆனால் அதை மூச்சில் இழுத்தால் உடம்புக்குள் கார்பன் மோனாக்சைடாக மாறும் என்பதால் நான் அதைத் தொடுவதில்லை.

கரைப்பதற்கு முன் ஒரு சோதனை அவசியம். அக்ரிலிக் என்று விற்கப்படும் கட்டிகளில் பல உண்மையில் பாலியெஸ்டர் ரெசின் அல்லது எபாக்ஸி என்ற வேறு வகை பிளாஸ்டிக். அவற்றில் இழைகளுக்கு நடுவே குறுக்கே முடிச்சுகள் விழுந்திருக்கும், மீன்வலை மாதிரி. இடியாப்பத்தைப் பிரிக்கலாம். வலையை அறுக்காமல் பிரிக்க முடியுமா? அது அசிட்டோனில் ஊறும், கரையாது. அதனால் கட்டியின் அடிப்பக்கத்தில் இயர்பட்ஸ் குச்சியால் ஒரு சொட்டு அசிட்டோன் வைத்து, காயவிடாமல் ஒரு நிமிஷம் நனைத்துக்கொண்டே இருந்தேன். நகத்தால் அழுத்தினேன். பிசுக்கென்று ஒட்டி, நகத்தடம் பதிந்தது. அக்ரிலிக்தான்.

காசைச் சுற்றி அரை சென்டிமீட்டர் விட்டு மீதியை ஆக்சா பிளேடால் அறுத்தோம், தண்ணீர் விட்டு விட்டு. தண்ணீர் விடாவிட்டால் உராய்வுச் சூட்டில் தூள் இளகி பிளேடு பல்லில் அப்பிக்கொள்ளும். பிறகு ஒரு கண்ணாடி ஊறுகாய் பாட்டிலில் போட்டு, மூழ்கும் அளவுக்கு அசிட்டோன் ஊற்றி, மூடி வைத்தோம். எங்கே வைத்தோம் என்பது முக்கியம். நிழலான மொட்டை மாடி. அசிட்டோன் மைனஸ் 20 டிகிரியிலேயே தீப்பற்றும் அளவு ஆவியாகும். அந்த ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தவழ்ந்து போய் எங்கேயோ எரியும் ஊதுபத்தியைத் தொட்டுவிடும். ஒற்றை அறையில் கேஸ் அடுப்பும் சாமி விளக்கும் இருக்கிற நம் வீடுகளுக்குள் இதைச் செய்யவே கூடாது.

சர்க்கரை தண்ணீரில் கரைவதுபோல இது கரையாது. அசிட்டோன் மூலக்கூறுகள் முதலில் இழைகளுக்கு நடுவே நுழைந்து அவற்றை உப்ப வைக்கின்றன. மறுநாள் காலை பார்த்தபோது ஊறிய ஜவ்வரிசி மாதிரி இருந்தது, வெளியே கொழகொழப்பு, நடுவே கெட்டி. அந்தக் கொழகொழப்பே புது அசிட்டோனைத் தடுக்கும் திரையாகிவிடும். அதனால் அதை வடித்துவிட்டு மூன்று முறை புதிதாக ஊற்றினோம். அவ்வப்போது பாட்டிலை மெல்லச் சுழற்றியதோடு சரி, சுரண்டவில்லை.

வெள்ளிக்கு இதனால் ஒன்றும் ஆகாது. உலோகம் கரைய வேண்டுமென்றால் அது எலக்ட்ரான்களை இழக்க வேண்டும். அசிட்டோன் அவற்றைப் பறிக்காது. நூறு வருஷத்தில் படிந்த சாம்பல் நிறமான வெள்ளி சல்ஃபைடையும் அது தொடாது. சேகரிப்பாளர்கள் உயிராக மதிக்கும் நிறம் அது. நெயில் பாலிஷ் ரிமூவர் மட்டும் வேண்டாம், அதில் வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும்.

ஐந்தாம் நாள் காசு பாட்டிலின் அடியில் தனியாகக் கிடந்தது. எடுத்து வைத்த சில நொடிகளில் அதன் மேல் வெள்ளையாக ஒரு படலம். அண்ணாச்சி பதறிவிட்டார். மும்பைக் காற்றின் ஈரம்தான் காரணம். அசிட்டோன் ஆவியாகும்போது காசு ஜில்லென்று குளிர்கிறது, அதன் மேல் ஈரம் பனிக்கிறது, மிச்சமிருந்த அக்ரிலிக் பால் நிறத்தில் படிகிறது. துடைத்தால் கீறல் விழும். சுத்தமான அசிட்டோனில் இன்னும் இரண்டு முறை முக்கி எடுத்ததும் படலம் போய்விட்டது.

கடைத் தராசில் வைத்தோம். 11.6 கிராம் காட்டியது. அச்சடித்தபோது இருந்திருக்க வேண்டியது 11.66, பழைய எடைக் கணக்கில் ஒரு தோலா. அண்ணாச்சி தராசைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. காசைக் கட்டைவிரல் நகத்தில் வைத்துச் சுண்டினார். இத்தனை வருஷம் அக்ரிலிக் நாலாபக்கமும் அமுக்கிப் பிடித்திருந்த அதிர்வு, கணீரென்று கடை முழுக்கக் கேட்டது. மறுபடி சுண்டினார்.