நித்திரையில் நேராகும் கால் நடிக்கவில்லை

முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டானுக்கு அப்பாலிருந்து இரண்டு பேருந்து மாறி வந்திருந்த அந்தப் பதினொரு வயதுச் சிறுமியின் கையில் மூன்று நூல்கள் கட்டப்பட்டிருந்தன. இடது காலின் றப்பர் செருப்பு வெளிவிளிம்பில் மட்டும் தேய்ந்து கடதாசி போல மெலிந்திருந்தது. அந்தக் கால் ஒன்றரை ஆண்டாக உட்புறம் திரும்பிக்கொண்டிருக்கிறது என்பதை அந்தச் செருப்பைப் பார்த்த எவரும் அறிந்திருக்கலாம். அம்மம்மாவோ, "முன்னுக்கு நடக்கச் சொன்னால்தான் ஐயா கோணுறாள், பின்னுக்கு நடக்கேக்க ஒன்றுமில்லை, இரவில மரக்கட்டை மாதிரி நேராப் படுக்கிறாள்" என்று, நடிப்புக்கோ பேய்க்கோ சாட்சி சொல்பவர் போலச் சொன்னார்.

இவ்வாண்டில் இதே சாட்சியத்தை நான் கேட்பது மூன்றாவது முறை. உடல் பரவிய டிஸ்டோனியா, அதாவது உடலின் பல பகுதிகளை முறுக்கி இழுக்கும் அசைவுக் கோளாறு, பிள்ளை ஓர் அசைவைச் செய்ய முனையும்போதே பெரும்பாலும் தலைகாட்டும். முன்னோக்கி நடக்கும்போது முறுகும் கால் பின்னோக்கி நடக்கும்போதோ ஓடும்போதோ நேராகலாம், நித்திரையில் முறுக்கு பெரும்பாலும் தணிந்துவிடும், பதற்றத்தில் கூடும். இவை நடிப்பின் சான்றுகள் அல்ல, இந்நோயின் அடையாளங்கள். 1911இல் ஒப்பன்ஹைம் என்ற ஜெர்மானிய மருத்துவர் இதற்குப் பெயரிட்ட பின்னரும் நெடுங்காலம் மருத்துவர்களே இதை மனநோய் எனக் கருதினர். சிறுவயதில் தொடங்கும் ஒருவகைக்குக் காரணமான மரபணு 1997இல் கண்டறியப்பட்டது. மனம் சார்ந்த அசைவுக் கோளாறும் உண்டுதான்; அதுவும் நடிப்பல்ல, அதையும் நரம்பியல் வைத்தியர் சோதித்தே முடிவு செய்ய வேண்டும், பிள்ளை பாயில் நேராகப் படுப்பதைப் பார்த்து அல்ல. போர் முடிந்த 2009க்குப் பின் பிறந்த பிள்ளைக்கும் ஷெல் சத்தத்தைக் காரணமாகச் சொல்லும் நம் பழக்கத்தை இனியாவது விடுவோம்.

மரபுவழி வகைகள் பலவற்றில் அறிவாற்றல் குறைவதில்லை. ஆகவே எழுத்து கோணலாக இருப்பதற்காகப் பிள்ளையைக் கடைசி வாங்கில் இருத்தாமல், எழுதுவதற்குக் கூடுதல் நேரம் கொடுங்கள்.

நான் இயன்மருத்துவன், தசை இறுகி மூட்டு மடங்கிப்போகாமல் தடுக்க என்னால் உதவ முடியும், நோயை நீக்க முடியாது. எண்ணெய் தடவிப் பலவந்தமாக நிமிர்த்துவதும் கட்டிப்போடுவதும் வலியை மட்டுமே தரும். சிறுவயதில் தொடங்கிய டிஸ்டோனியாவில் லெவோடோபா மாத்திரையை முதலில் கொடுத்துப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு: மாலையில் கூடி நித்திரைக்குப் பின் குறையும் ஒருவகை, மிகச் சிறிய அளவு மருந்துக்கே வியக்கத்தக்கவாறு பணியும். செம்பு உடலில் தேங்கும் வில்சன் நோயும் சிகிச்சைக்கு உட்படுவதே. அதற்காகவே கண்ணையும் இரத்தத்தையும் சோதிக்கிறார்கள். மற்றவர்களுக்கு பென்செக்சோல், பக்லோபென் போன்ற மருந்துகளும், சில தசைகளுக்கு ஊசியும், தெரிவுசெய்யப்பட்ட சிலருக்கு மூளையில் மின்முனை பொருத்தும் சத்திரசிகிச்சையும் உள்ளன.

பேருந்துக் காசு இல்லையென்று மருந்தைத் திடீரென நிறுத்தாதீர்கள். கிளினிக் கொப்பியுடன் அருகிலுள்ள வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். வாந்திக்கு மருந்து வாங்கும்போதும் இந்நோயைச் சொல்லுங்கள், ஏனெனில் மெற்றோகுளோப்பிரமைட் என்ற வாந்தி மருந்து முறுக்கைத் தூண்டக்கூடும். காய்ச்சலுடன் உடல் முழுவதும் ஓயாமல் முறுகினாலோ சிறுநீர் தேநீர் நிறமானாலோ விடியும்வரை காத்திராமல் 1990 அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள்.

தயவுசெய்து, வரும்போது பிள்ளை முன்னுக்கும் பின்னுக்கும் நடப்பதையும் உறங்குவதையும் கைபேசியில் எடுத்து வாருங்கள். கிளினிக்குக்கு என்று புதுச் செருப்பு வாங்கிப் போட வேண்டாம், தேய்ந்ததே போதும்.