ரீசெட் பொத்தானை அழுத்தும் முன்

சென்ற வாரம், விமானங்களைப் பழுதுபார்க்கும் எங்கள் ஹேங்கருக்கு வந்த இரட்டை எஞ்சின் விமானத்தின் மூக்குப் பகுதியைத் திறந்தேன். கேபினைச் சூடாக்கும் ஹீட்டரின் உறை மேல் வண்ணப்பூச்சு கருகிக் கொப்புளித்திருந்தது. "அடிக்கடி நின்றுவிடுகிறது, தரையிறங்கி ரீசெட் அழுத்தினால் மறுபடி ஓடுகிறது" என்றார் விமானி. எத்தனை முறை அழுத்தினீர்கள் என்று கேட்டேன். நான்கைந்து தடவை இருக்கும் என்றார். பயணிகளை ஏற்றிக்கொண்டு! இந்தக் குளிர்காலத்தில் என்னிடம் இப்படி வரும் மூன்றாவது ஹீட்டர் இது.

வீட்டு மின்ஹீட்டரைப் போலத்தான் இதுவும் என்று பலர் எண்ணுகிறார்கள். இல்லை, ஐயா. விமானத்தின் டாங்கில் இருக்கும் அதே பெட்ரோல்தான் அந்தப் பெட்டிக்குள் எரிகிறது. எரிகுழாய்க்கு உள்ளே நெருப்பு, வெளியே நீங்கள் சுவாசிக்கப் போகும் காற்று, நடுவில் ஒரு மெல்லிய உலோகச் சுவர். சுவரில் விரிசல் விழுந்தால் கார்பன் மோனாக்சைடு கேபினுக்கு வரும். அதற்கு மணம் கிடையாது.

ஹீட்டர் அளவுக்கு மீறிச் சூடானால் அதை நிறுத்திவிடும் அதிவெப்பச் சுவிட்ச் சும்மா விழாது. காற்று நுழையும் வழி அடைத்திருக்கலாம், மின்விசிறி தளர்ந்திருக்கலாம், குழாய் கெட்டிருக்கலாம். என் மேசைக்கு வரும் ஹீட்டர்களில் ரீசெட் பொத்தான், மூக்குப் பலகையைக் கழற்றினால்தான் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கும். பறக்கும்போது யாரும் அதைத் தொடக் கூடாது என்பதற்காகவே அந்த இடம். பொத்தானை அழுத்துவது பழுதுபார்ப்பு ஆகாது. காரணத்தைக் கண்டுபிடிக்காமல் அழுத்துகிறவர், காவலாளியின் வாயைப் பொத்துகிறார்.

1985 டிசம்பர் 31 அன்று அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் டிகால்ப் அருகே ஒரு டிசி-3 வகை விமானம் எரிந்தது. பாடகர் ரிக் நெல்சன் உட்படப் பயணிகள் ஏழு பேரும் இறந்தார்கள். விமானிகள் இருவர் மட்டும் தீக்காயங்களுடன் தப்பினார்கள். தகராறு செய்த ஹீட்டரை வழியில் இயக்க முயன்றதாகத் துணை விமானி சொன்னார். தீ எதனால் பற்றியது என்று விசாரணையால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனாலும் தகராறு செய்கிற ஹீட்டரை ஒருவர் மீண்டும் மீண்டும் முடுக்குவதைக் கேட்கும்போதெல்லாம் அந்த விமானம்தான் என் நினைவுக்கு வருகிறது.

தரையிறங்கியதும் ஹீட்டரை அணைத்துவிட்டு மின்விசிறியை இரண்டு நிமிடமாவது ஓடவிடுங்கள். தேங்கிய வெப்பத்தாலேயே விழும் சுவிட்சுகள் உண்டு. சில வகை ஹீட்டர்களுக்கு 100 மணி நேர இயக்கம் அல்லது 24 மாதம், எது முந்துகிறதோ அப்போது எரிகுழாய் கசிகிறதா என்று பார்க்கும் அழுத்தச் சோதனை கட்டாயம்; கோடைக்காலம் என்று தள்ளிப்போடாதீர்கள். பெட்ரோல் வாடையோ புகையோ வந்தால் உடனே ஹீட்டரை அணையுங்கள், கையேட்டின் தீ நடைமுறையைப் பின்பற்றுங்கள், அருகில் கிடைக்கும் ஓடுபாதையில் இறங்குங்கள். மூக்குக்குள் பற்றிய தீக்குக் கேபினில் இருக்கும் தீயணைப்பான் எட்டாது. குளிர்கிறதே என்று பயணிகள் முணுமுணுத்தாலும், தயவுசெய்து, மறுபடி போட்டுப் பார்க்காதீர்கள்.

அந்த விமானத்தின் எரிகுழாய் அழுத்தச் சோதனையில் தேறவில்லை. ஹீட்டருக்குப் போகும் பெட்ரோல் குழாயை அடைத்து, சுவிட்சின் மேல் 'இயக்காதீர்கள்' என்ற அட்டையை ஒட்டி, பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிட்டிருக்கிறேன். புதிய எரிகுழாய் வரும்வரை எல்லோரும் கம்பளி உடுத்திக்கொண்டு பறக்கட்டும்.