உங்கள் கிணற்றுத் தண்ணீருக்கு எந்த மீன்?

போன சித்திரையில் பக்கத்து வளவு அண்ணை ஆயிரம் லீற்றர்த் தாங்கி ஒன்றை வேலியோரம் இறக்கி வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "தம்பி, இதுக்குள்ள என்ன மீன் விட்டா நல்லம்?" தாங்கிக்கு மேலே ஒரு தட்டு, அதில் கல் நிரப்பிக் கங்குனும் வல்லாரையும் வைப்பதாகத் திட்டம். மோட்டார் மீன் தண்ணீரைத் தட்டுக்கு ஏற்றும், வடிந்தது திரும்பத் தாங்கிக்கே விழும். இதுதான் அக்குவாபோனிக்ஸ். நான் மீனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. குசினியிலிருந்து ஒரு தேசிக்காய் வாங்கி, வெட்டி, தட்டில் கிடந்த கல்லில் பிழிந்தேன். கல் சுர்ரென்று நுரைத்தது.

"உது சுண்ணாம்புக்கல் அண்ணை. முதல்ல உதை அள்ளி வெளியில போடுங்கோ."

மீன் தின்னும் தீனியில் உள்ள நைதரசனின் பெரும்பங்கு செவுள் வழியே அமோனியாவாகத் தண்ணீருக்கு வந்து சேர்கிறது. கல்லில் ஒட்டி வாழும் ஒருவகைப் பற்றீரியா அதை நைத்திரைற்றாக மாற்றும், இன்னொரு வகை அதை நைத்திரேற்றாக மாற்றும். முதல் இரண்டும் மீனுக்கு நஞ்சு, கடைசியானது கீரைக்குப் பசளை. இந்தப் பற்றீரியாக்கள் கல்லில் குடியேறிப் பெருக நாலு முதல் ஆறு கிழமை எடுக்கும். அதற்கு முதல் தாங்கி நிறைய மீனை விட்டவர்கள்தான் "எல்லாம் செத்துப்போச்சு" என்று கைவிடுகிறவர்கள்.

அமோனியா தண்ணீரில் இரண்டு வடிவில் இருக்கும். ஒன்று அமோனியம் அயன், அதனால் பெரிய கெடுதல் இல்லை. மற்றது செவுளைக் கடந்து மீனின் இரத்தத்துக்குள் போகும் அமோனியா. எது எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பவை தண்ணீரின் பி.எச். அளவும் (தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் எண், 7 நடுநிலை, அதற்கு மேல் காரம்) வெப்பநிலையும். 30 பாகை செல்சியஸில் பி.எச். 7 ஆக இருந்தால் நச்சு வடிவம் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. பி.எச். 8 ஆனால் நூற்றுக்கு ஏழைத் தாண்டிவிடும். அதே மீன், அதே தீனி, ஆனால் நஞ்சு ஒன்பது மடங்கு.

எங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியில் கிடப்பது மயோசின் காலச் சுண்ணாம்புக்கல். மழைநீர் அதன் வெடிப்புகளில் ஊறித்தான் எங்கள் கிணறுகளுக்கு வருகிறது. கேத்தலின் அடியில் படியும் வெள்ளைப் படலத்தைச் சுரண்டிப் பாருங்கள், அந்தக் கல்தான் அது. இப்படிச் சுண்ணாம்புக்கல் கரைந்த தண்ணீரின் பி.எச். இலகுவில் இறங்காது. பற்றீரியா அமோனியாவை மாற்றும்போது அமிலம் உண்டாகும், அதனால் பிற நாட்டுக் கையேடுகள் இடைக்கிடை சுண்ணாம்பு போடச் சொல்லும். இங்கே அதைச் செய்யவே கூடாது, எங்கள் தண்ணீரிலேயே அது தேவைக்கு மேல் இருக்கிறது. புதுச் சீமெந்துத் தொட்டியும் சுண்ணாம்பைக் கசியவிடும். பி.எச். கூடினால் செடிக்கு இரும்பும் கிட்டாது: இளம் இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். தட்டுக்குத் தேசிக்காய்ப் புளியில் நுரைக்காத கருங்கல் சல்லி போடலாம். தண்ணீருக்கு மாரி மழையைப் பீலி வைத்துப் பிடித்துக் கிணற்று நீரோடு கலப்பதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

அடுத்தது ஒட்சிசன். 20 பாகையில் ஒரு லீற்றர் நன்னீர் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஒட்சிசனைத் தாங்கும், 30 பாகையில் ஏழரைதான். வெப்பம் ஏற ஏற மீனுக்குத் தேவை கூடுகிறது, தண்ணீரின் கொள்ளளவோ குறைகிறது. விடியப்புறம் நாலரை மணிக்கு ரோர்ச் அடித்துப் பாருங்கள். மீன்கள் மேற்பரப்பில் வரிசையாக வாயைத் திறந்து திறந்து மூடினால், பாசி படிந்த தாங்கியில் இரவு முழுக்க ஒட்சிசன் செலவாகிவிட்டது என்று பொருள். தாங்கிக்கு மேல் கிடுகுப் பந்தல் போடுங்கள், வெயிலும் பாசியும் ஒன்றாகக் குறையும். 2022 பங்குனிக் கடைசியில் ஒரு நாளில் 13 மணி நேரம் மின்சாரம் இல்லாமல் இருந்தவர்கள் நாங்கள். பற்றரியில் ஓடும் சிறிய காற்றுப் பம்பி ஒன்று இல்லாமல் மீனை விட வேண்டாம். ஆயிரம் லீற்றருக்கு 20 கிலோ மீன் வரை வளர்க்கலாம் என்பது பொதுவான மேல் எல்லை. எங்கள் வெக்கைக்கு நான் 10 கிலோவோடு நிறுத்துவேன்.

இப்போது அண்ணையின் கேள்விக்கு வரலாம். திலாப்பியா 27 முதல் 30 பாகையில் நன்றாக வளரும், ஒட்சிசன் கொஞ்சம் குறைந்தாலும் தாங்கும், தாவரப் புரதத்தோடும் வளரும். ஆனால் சில மாதத்திலேயே தாங்கிக்குள் குஞ்சு பொரித்துப் பெருகி, எல்லாம் விரலளவில் நின்றுவிடும். ஆண் குஞ்சுகளாகக் கேட்டு வாங்குங்கள். எனக்குப் பிடித்தது கொறாமி. அது மேலே வந்து நேரடியாகக் காற்றைச் சுவாசிக்கும், சேம்பிலையும் கங்குனும் தின்னும். ஆறுதலாகத்தான் வளரும், பொறுமை வேண்டும். விராலும் காற்றைச் சுவாசிக்கும், சந்தையில் நல்ல விலையும் போகும். ஆனால் அது மற்ற மீனை விழுங்கும், மூடாத தாங்கியிலிருந்து பாயும், புரதம் கூடிய தீனி கேட்கும். முதல் முறை செய்பவருக்கு அது வேண்டாம். தங்கமீன் குளிர்ந்த தண்ணீருக்கானது, அதை எங்கள் சித்திரை வெயிலில் விடுவது பாவம்.

அனுமதி விடயத்தை மீன் வாங்கிய பிறகு யோசிக்காதீர்கள். இலங்கையில் நீருயிரின வளர்ப்பு 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீர்வாழ் உயிரின வளங்கள் சட்டத்தின் கீழ் வருகிறது, அதில் அனுமதிப்பத்திர ஏற்பாடு உண்டு. 1998ஆம் ஆண்டின் 53ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபை, சுருக்கமாக நக்டாதான் நீங்கள் போகவேண்டிய இடம். வீட்டுக் கறிக்கா விற்பனைக்கா, எத்தனை லீற்றர், என்ன மீன் என்று எழுதிக் கொடுத்து, பதிலையும் எழுத்திலேயே வாங்குங்கள். குஞ்சையும் அங்கீகரிக்கப்பட்ட குஞ்சு நிலையத்தில் பற்றுச்சீட்டோடு வாங்குவது நல்லது. வெளிநாட்டிலிருந்து உயிர்மீன் கொண்டுவர அனுமதி வேண்டும். வாய்க்காலில் அள்ளும் நாட்டு மீன்களிலும் சில, தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாக்கப்பட்டவை.

இந்தக் கட்டுப்பாட்டுக்குக் காரணம் திலாப்பியாவிலேயே இருக்கிறது. 1950களில் இலங்கைக் குளங்களுக்கு வந்த மொசாம்பிக் திலாப்பியா, உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் இருக்கிறது. கார்த்திகை மழையில் தாங்கி வழிந்தால் குஞ்சுகள் வாய்க்கால் பிடித்துக் குளத்துக்குப் போகும். வழியும் குழாயின் வாயில் சின்னக் கண் வலை கட்டுங்கள். தாங்கியின் அடியில் தங்கும் கழிவைக் கிணற்றடியில் ஊற்றவும் வேண்டாம். வெடிப்புள்ள சுண்ணாம்புக்கல் அதை வடிக்காது. குடாநாட்டின் வலிகாமப் பகுதியில் எத்தனையோ கிணறுகளில் ஏற்கெனவே நைத்திரேற்று கூடிக் கிடக்கிறது. கழிவை வாழைக்கு விடுங்கள்.

அண்ணை கல்லை அள்ளிவிட்டுக் கருங்கல் சல்லி கொட்டியிருக்கிறார். போன ஞாயிறு கூரைக்குப் பீலி பூட்டிக்கொண்டு நின்றார். மழைத் தண்ணீர் தாங்கியில் விழுந்த பிறகுதான் கொறாமிக் குஞ்சு தேடிப் போவாராம்.