எலுமிச்சை வாசனை அடிக்குதுன்னு கஞ்சாப் பூவை நம்பிடாதீங்க

செடிகளுக்கு வர்ற நோயைப் பாக்குறது தான் என் வேலை. லைசன்ஸ் வாங்கி மருத்துவத்துக்காக கஞ்சா வளர்க்குறவங்க கிட்ட இருந்தும் சாம்பிள் வரும், அதுலயும் குளிரும் ஈரமும் ஜாஸ்தியா இருக்குற கடலோரத்துல இருந்து வர்ற சாம்பிள்கள்ல ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பப் பாக்குறதால தான் இதை எழுதுறேன். கவரைப் பிரிச்சதுமே எலுமிச்சைத் தோல் வாசனை தூக்கும், பூ மேல பிசின் பளபளன்னு இருக்கும், பாக்குற யாரா இருந்தாலும் நல்ல சரக்குன்னு தான் சொல்லுவாங்க. அதே பூவை நீளவாக்குல பிளந்து லென்ஸ்ல வச்சுப் பாத்தா நடுத்தண்டை ஒட்டி பழுப்பா, நசநசன்னு அழுகி, அதுக்கு மேல சாம்பல் கலர்ல பொசுபொசுன்னு பூஞ்சை படர்ந்திருக்கும்.

முதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன், நிறைய நாடுகள்ல இந்தச் செடியை வளர்க்குறதும் வச்சிருக்குறதும் குற்றம், அங்க இருக்குறவங்க இதைப் படிச்சிட்டு எதையும் ஆரம்பிக்க வேண்டாம். சட்டம் அனுமதிக்கிற இடத்துல வளர்க்குறவங்களுக்கும், டாக்டர் சொல்லி எடுத்துக்குறவங்களுக்கும், முக்கியமா அவங்க வீட்டுல இருக்குறவங்களுக்கும் தான் இது.

அந்த வாசனைக்கு முக்கியக் காரணம் லிமோனீன். எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல்ல இருக்குற அதே டெர்பீன் (செடிகளுக்கு வாசனை தர்ற எண்ணெய்ப் பொருள்) தான், கஞ்சாவுல பூ மேல இருக்குற ட்ரைக்கோம்ங்கற குட்டிக் குட்டி பிசின் சுரப்பிகள்ல உருவாகுது. லிமோனீன் பூஞ்சையைக் கொல்லும், அதனால எலுமிச்சை வாசனை வர்ற கஞ்சா வகைகளுக்கு நோய் வராதுன்னு வளர்க்குறவங்க நிறைய பேர் நம்புறாங்க. லேப்ல தட்டுல வச்சு டெஸ்ட் பண்ணும்போது சில பூஞ்சைகளை லிமோனீன் கொஞ்சம் அடக்குறது உண்மை தான், ஆனா ஆரஞ்சுத் தோலோட எண்ணெய்ல பெரும்பங்கு லிமோனீனே தானே, அந்த ஆரஞ்சு மேலயே பச்சைப் பூஞ்சை பிடிக்குறதை எல்லாரும் பாத்திருக்கோம். அதுவும் போக லிமோனீன் இருக்குறது பூவோட வெளிப்பக்கம், அழுகல் ஆரம்பிக்கிறது பெரும்பாலும் காத்து போகாத உள்பக்கம்.

இந்தப் பூஞ்சை பேர் போட்ரைட்டிஸ் சினேரியா, திராட்சையையும் ஸ்ட்ராபெர்ரியையும் அழுக வைக்குற அதே ஆள். இதுக்குப் பிடிச்சது 15ல இருந்து 25 டிகிரி செல்சியஸ், கூடவே பல மணி நேரம் காயாத ஈரம், அதாவது குளிர்ந்த கடலோரத்துல சர்வ சாதாரணமா இருக்குற நிலைமை. மழையே பெய்யலையேன்னு கேப்பாங்க, மழை வேண்டியதே இல்ல. சாயங்காலம் 20 டிகிரியும் 70 சதவீதம் ஈரப்பதமும் இருக்குன்னு வைங்க, ராத்திரி அதே காத்து 14 டிகிரிக்கு இறங்கினாலே அதுல இருக்குற ஆவி தண்ணியாகி பூ மேல படிஞ்சிடும், காலைல மூடுபனி கலைய லேட் ஆச்சுன்னா மத்தியானம் வரைக்கும் உள்ள இருக்குற ஈரம் காயவே காயாது.

இதுல காலமும் எதிரா நிக்குது. கஞ்சா பகல் குறையக் குறைய பூக்குற செடி, வடக்குப் பக்கத்து குளிர் நாடுகள்ல வெட்டவெளியில வளர்த்தா ஆகஸ்ட் வாக்குல பூ எடுத்து செப்டம்பர் கடைசி, அக்டோபர்ல தான் முத்தும், பல கடலோரங்கள்ல இலையுதிர்கால மழை தொடங்குறதும் அப்போ தான். எலுமிச்சை வாசனைக்குப் பேர் போன வகைகள்ல சிலது ஹேஸ்ங்கற, பூத்து முடிக்க நாள் எடுக்குற கஞ்சா வகையோட வழியில வந்தது, அதெல்லாம் பூத்து முடிக்கவே 10 வாரம், அதுக்கு மேலயும் இழுக்கும். வாசனையை மட்டும் பாத்து அந்த விதையை வாங்கி மூடுபனி ஊர்ல திறந்தவெளியில வைக்குறது என்னைப் பொறுத்தவரை தப்பான முடிவு, சீக்கிரம் முத்துற, பூ கொஞ்சம் விரிஞ்ச மாதிரி வர்ற வகை தான் அந்த மாதிரி இடத்துக்கு சரிப்படும்.

ஆரம்ப அறிகுறி ஒண்ணு இருக்கு, இதை மட்டுமாவது நல்லா மனசுல வச்சுக்கங்க. பூவுக்குள்ள இருந்து எட்டிப் பாக்குற சின்ன இலைகள்ல ஒண்ணே ஒண்ணு மட்டும், சுத்தி எல்லாம் பச்சையா இருக்கும்போதே, மஞ்சளாகி துவண்டு போகும். அதை லேசா இழுத்துப் பாருங்க, தடங்கலே இல்லாம கையோட வந்துச்சுன்னா அடியில அழுகிடுச்சுன்னு அர்த்தம். புழு துளைச்ச பூவா இருந்தா இன்னும் மோசம், காயமும் எச்சமும் சேர்ந்து பூஞ்சைக்கு வழி விட்டுடும். அந்தப் பூவை அங்கேயே பிச்சு உதறாதீங்க, உதறினா வித்து (பூஞ்சை பரவ உதவுற, தூசி மாதிரி இருக்குற நுண்துகள்) பறந்து பக்கத்துச் செடிக்குப் போயிடும், பையை மேல போட்டு மூடி, நல்லா இருக்குற பகுதியையும் கொஞ்சம் சேர்த்தே வெட்டி எடுத்துட்டு கத்திரியை ஆல்கஹால்ல துடைங்க. அழுகுனதை மட்டும் கிள்ளிட்டு மிச்சத்தைக் காய வைக்குறவங்க இருக்காங்க, அது வேணவே வேணாம்.

கூரை போட்டா சரியாயிடும்னு நினைக்குறாங்க, மழைக்கு அது சரி, ஆனா நாலு பக்கமும் மூடிட்டா செடி விடுற ஆவியே உள்ள தங்கி நிலைமையைக் கெடுத்துடும். ராத்திரியும் ஃபேன் ஓடணும், கொஞ்சம் சூடு கொடுத்து ஈரக்காத்தை வெளிய தள்ளணும். அறுத்ததுக்கு அப்புறமும் ஆபத்து போகாது, பச்சைப் பூவுல முக்கால் பங்குக்கு மேல தண்ணி தான், கடலோரத்துல ஜன்னலைத் திறந்து போட்டு தொங்கவிட்டா காயாது, காத்துல இருக்குற ஈரத்தை இழுக்குற டீஹியூமிடிஃபையர் மெஷின் கண்டிப்பா வேணும். கைல அமுக்கிப் பாத்து காஞ்சிருச்சுன்னு சொல்றதை விட மீட்டர் வச்சு வாட்டர் ஆக்டிவிட்டி, அதாவது பூஞ்சை வளரப் பயன்படுத்திக்கக்கூடிய தண்ணி எவ்வளவு இருக்குன்னு 0ல இருந்து 1 வரைக்கும் காட்டுற அளவை, அளக்குறது தான் நம்பிக்கையானது, அது 0.65க்குக் கீழ இருக்கணும், 0.55க்கும் கீழ போனா வாசனை போய் பொடிஞ்சிடும்.

இங்க தான் சிலர் மருந்தடிக்கப் போறாங்க, அதை நினைச்சா எனக்கு ரொம்பக் கவலையா இருக்கு. மைக்ளோபியூட்டனில்னு ஒரு பூஞ்சைக்கொல்லி இருக்கு, திராட்சைக்கு அனுமதி உண்டு, ஆனா அதைச் சூடுபடுத்தினா ஹைட்ரஜன் சயனைடுங்கற விஷ வாயு வெளியாகும். திராட்சையை யாரும் கொளுத்தி உள்ள இழுக்குறதில்ல, கஞ்சாவை இழுக்குறாங்க. கனடாவுல இந்த மருந்து இருந்ததால மருத்துவக் கஞ்சாவையே சந்தையில இருந்து திரும்ப வாங்கினாங்க. சாப்பாட்டுப் பயிருக்கு அனுமதி இருக்கே, இதுக்கு அடிச்சா என்னன்னு தயவுசெஞ்சு யோசிக்காதீங்க.

நோயாளிகளுக்கு ஒண்ணு சொல்லணும். போட்ரைட்டிஸ் முக்கியமா செடியைத் தாக்குறது, ஆனா அதோட வித்தை மூச்சுல இழுத்து நுரையீரல் அலர்ஜி வந்த திராட்சைத் தோட்டத் தொழிலாளர்களைப் பத்தி மருத்துவத்துல பதிவு இருக்கு. அதை விடப் பயப்பட வேண்டியது சரியா காயாத பூவுல வர்ற அஸ்பர்ஜில்லஸ்ங்கற இன்னொரு பூஞ்சை. பத்த வச்சா நெருப்புல எல்லாம் செத்துடும்னு சொல்லுவாங்க, அது சரியில்ல, புகையோட சேர்ந்து உயிருள்ள வித்து உள்ள போகும்னு 1981லயே காட்டியாச்சு. எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை எடுத்த ஒருத்தர் பூஞ்சை பிடிச்ச கஞ்சாவைப் புகைச்சு நுரையீரல் அஸ்பர்ஜில்லஸ் தொற்றுல இறந்தது 1988ல மருத்துவ இதழ்ல வந்திருக்கு. கீமோதெரபி எடுக்குறவங்க, உறுப்பு மாற்று செஞ்சவங்க, ஸ்டீராய்டு மாத்திரை நாள்பட சாப்பிடுறவங்க வாந்திக்கோ வலிக்கோ கஞ்சா எடுக்குறதா இருந்தா அதை ஆன்காலஜி (புற்றுநோய்) டாக்டர் கிட்டயோ டிரான்ஸ்பிளாண்ட் டீம் கிட்டயோ மறைக்காம சொல்லுங்க, யாரோ வீட்டுல வளர்த்ததைப் புகைக்கவே புகைக்காதீங்க. அனுமதி உள்ள இடங்கள்ல இவங்களுக்காகவே கதிர்வீச்சுல சுத்தப்படுத்தின பூவும், புகைக்கத் தேவையில்லாத எண்ணெயும் கிடைக்கும், டாக்டர் கிட்ட அதைக் கேளுங்க.

பூ அரைக்குற, கத்தரிக்குற வேலை செய்றவங்களும் கவனமா இருக்கணும், 2022ல அமெரிக்காவுல மாசசூசெட்ஸ்ல கஞ்சா அரைக்குற இடத்துல வேலை பாத்த 27 வயசுப் பொண்ணு அந்தத் தூசியால வந்த ஆஸ்துமால இறந்துட்டாங்க. வேலை நேரத்துல மூக்கு ஒழுகுது, நெஞ்சு இறுகுது, லீவு நாள்ல சரியாகுதுன்னா அது வேலையால வர்றதா இருக்க வாய்ப்பு அதிகம், துணி மாஸ்க் பத்தாது, என்95 போடுங்க, அடுத்த ஷிப்டுக்குப் போறதுக்கு முன்னாடி நுரையீரல் டாக்டரைப் பாத்து என்ன வேலை செய்றீங்கன்னு வெளிப்படையா சொல்லுங்க.