ரிப்போர்ட்டில் ‘ஜவ்வு விலகல்’ என்று இருந்தால் ஆபரேஷன்தானா?

இடுப்பு வலி என்று வருகிற பலர் உட்காருவதற்கு முன்பே ஸ்கேன் கவரை நீட்டி, "எல்4 எல்5ல ஜவ்வு விலகிருச்சாம் டாக்டர், ஆபரேஷன் பண்ணலேன்னா கால் விழுந்துருமாம்ல?" என்று கேட்கிறார்கள். யாரோ சொன்ன அந்த ஒரு வார்த்தையில் பல ராத்திரி தூக்கம் போயிருக்கும். முதலில் அந்தப் பயத்தைப் போக்க வேண்டியிருக்கிறது. ஜவ்வு என்பது முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கிற டிஸ்க்; எல்4, எல்5 என்பது இடுப்புப் பகுதியின் நான்காவது, ஐந்தாவது எலும்புகள்.

வலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்து 2015ல் ஒரு கட்டுரை வந்தது. அதன்படி 20 வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு ஜவ்வுத் தேய்மானம் இருக்கிறது, 50 வயதில் அது 80 சதவீதம். ஜவ்வு லேசாகப் பிதுங்கியிருப்பதும் 50 வயதில் 60 சதவீதம் பேருக்கு உண்டு. எம்ஆர்ஐயில் நீர்ச்சத்துள்ள ஜவ்வு வெளுப்பாகவும் நீர் வற்றியது கறுப்பாகவும் தெரியும், அந்தக் கறுப்பு பெரும்பாலும் தலைமுடி நரைப்பது மாதிரி வயசோடு வருவதுதான்.

அதனால் நான் ஃபிலிமை ஓரமாக வைத்துவிட்டு ஆளைத்தான் பார்ப்பேன். உசிலம்பட்டிப் பக்கம் மல்லிகைப்பூ எடுக்கிற ஒரு அம்மா, காலையில் குனிந்தால் நிமிர்வதற்கு நெடுநேரம் ஆகும் வேலை, ரிப்போர்ட்டில் மூன்று இடத்தில் ஜவ்வு பிதுங்கல். குதிகாலால் நடக்கச் சொன்னேன், நுனிக்காலில் நிற்கச் சொன்னேன், இரண்டும் சரியாகச் செய்தார். படுக்க வைத்து முட்டியை மடக்காமல் காலைத் தூக்கினேன், முட்டிக்குக் கீழே சுரீரென்று இழுக்கவில்லை. கால் மரத்துப்போவதும் இல்லை. ஆக, நரம்பு நசுங்கியதற்கான அறிகுறி எதுவும் இல்லை, வலி இடுப்புத் தசையிலும் மூட்டிலும்தான். சில நாளைக்கு வலி மாத்திரை, நடை, பிசியோதெரபி, அப்புறம் வரிசைக்கு வரிசை நிமிர்ந்து இடுப்பைப் பின்னால் வளைத்துக்கொள்வது, இவ்வளவுதான் எழுதிக் கொடுத்தேன். நாள்கணக்கில் படுத்தே கிடப்பதும் மாதக்கணக்கில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டே இருப்பதும் வேண்டவே வேண்டாம், அதனால் தசைதான் இளைக்கும்.

ஜவ்வு உண்மையிலேயே நரம்பை அழுத்தி, பிட்டத்திலிருந்து பாதம் வரை வலி இறங்கினாலும் பலருக்கு 6 முதல் 12 வாரத்தில் தணிந்துவிடுகிறது; வெளியே பிதுங்கிய ஜவ்வு தானாகவே சுருங்குவதும் உண்டு. அதற்குள் தாங்க முடியவில்லை என்றால் நரம்பின் பக்கத்தில் ஊசி போடலாம், அது சில வாரத்துக்குக் கைகொடுக்கும். அதன் பிறகும் கால்வலி விடவில்லை, ஸ்கேனில் தெரிகிற இடமும் வலிக்கிற காலும் பொருந்துகிறது என்றால் ஆபரேஷனைப் பற்றிப் பேசலாம். அது கால்வலியைச் சீக்கிரம் குறைக்கும். வெறும் இடுப்பு வலிக்கு அந்த அளவு பலன் கிடைப்பதில்லை, இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டே கையெழுத்துப் போடுங்கள்.

ஆனால் சிலதுக்குக் காத்திருக்கவே கூடாது. சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது, மலம் கட்டுப்படாமல் போவது, உட்காரும் இடமும் பிறப்புறுப்பைச் சுற்றியும் மரத்துப்போவது, இரண்டு காலும் பலமிழப்பது, இவற்றில் ஒன்று வந்தாலும் நடுராத்திரியானாலும் பெரியாஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும். பாதம் தொங்கிப்போனாலும் அன்றைக்கே காட்டுங்கள். காய்ச்சல், எடை குறைவு, ராத்திரியில் கூடுகிற வலி இருந்தால் முதுகெலும்புக் காசநோயா என்று பார்க்க வேண்டும், நம் ஊரில் அது இன்னும் இருக்கிறது. முன்பு புற்றுநோய்க்கு வைத்தியம் பார்த்திருந்தால் அதையும் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.